பழைய வீட்டு பெட்ரூம்ல சுவர் பொரிஞ்சு கொட்டுதா? பட்டி பாக்கறதுக்கு முன்னாடி இத படிங்க

கும்பகோணத்துல இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க. மாமனாரோட அப்பா கட்டின வீடு, சுண்ணாம்புச் சுவர், மேல மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்தரத்து மேல செங்கல் அடுக்கி சுண்ணாம்புல போட்ட தளம். ரெண்டு பெட்ரூமையும் இவங்களும் வீட்டுக்காரரும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா தாங்களே புதுப்பிச்சுட்டு இருக்காங்க. கீழ மூணடி உயரத்துக்கு பெயிண்ட் கொப்புளிச்சு கொட்டுது, பட்டி பாத்து அடிச்சும் ஒரு மழைக்குக்கூட தாங்கல. வாட்டர்ப்ரூஃப் கெமிக்கல் அடிச்சு முடிச்சுடலாம்ங்கறார் அவர், மேல்தளமே போச்சு, இடிச்சுட்டு கான்கிரீட் போடுங்கங்கறார் கொத்தனார். யார் சொல்றத கேக்கறது?

ரெண்டு பேர் சொல்றதையும் கேக்காதீங்கம்மா.

மண்ணுல இருக்கற ஈரம் செங்கல் வழியா மேல ஏறத்தான் செய்யும். அந்தக் காலத்துல சுண்ணாம்புப் பூச்சு வழியா அது பாட்டுக்கு காத்துல காய்ஞ்சுட்டு இருந்துச்சு. நடுவுல யாரோ சிமெண்ட் பூசி, அதுமேல பட்டி, அதுமேல எமல்ஷன்னு மூடியிருப்பாங்க. வெளிய வர வழியில்லாத ஈரம் உப்பையும் சேத்து தூக்கிட்டு வந்து பெயிண்ட்ட தள்ளுது. இதுல கெமிக்கலும் அடிச்சா மூணடியில நிக்கறது இன்னும் மேல ஏறும், அவ்வளவுதான். கேரண்டி கார்டு காட்டுனா, கீழ இருந்து ஏறுற ஈரத்துக்கும் பொறுப்பு ஏத்துக்கறீங்களான்னு கேட்டு எழுதி வாங்குங்க, பாதி பேர் அந்த இடத்துலயே கழண்டுருவாங்க.

முதல்ல வெளிய போய் பாருங்க. தெரு மட்டம் வீட்டுத் தரைக்கு சமமா, இல்ல மேலயே ஏறிடுச்சா? பழைய ரோட்ட சுரண்டி எடுத்துட்டுத்தான் புது ரோடு போடணும்னு 2021-ல தலைமைச் செயலாளரே கடிதம் போட்டாச்சு, இன்னமும் பல ஊர்ல ரோட்டு மேல ரோடுதான், வீடெல்லாம் பள்ளத்துக்குள்ள போயிட்டு இருக்கு, கேட்டா ஃபண்ட் வந்துச்சு போட்டோம்ங்கறாங்க. அது நம்மால ஆகற காரியமில்ல. சுவரை ஒட்டி குவிஞ்ச மண்ண எடுத்து தண்ணி தள்ளி ஓடற மாதிரி வாட்டம் பண்றது, பாத்ரூம் குழாய் கசிவ அடைக்கறது, இதெல்லாம் நீங்களே செய்யலாம்.

அப்புறம் ஈரக்கறைக்கு மேல ஒரு அடி வரைக்கும் சிமெண்ட் பூச்ச கொத்தி எடுங்க, மாஸ்க் கண்ணாடி இல்லாம ரெண்டு பேரும் உளிய தொடாதீங்க. ஒரு ரூம்ல படுத்துக்கிட்டு இன்னொண்ண திறந்து போடுங்க. தை மாசி வாக்குல கொத்தி, கோடை முழுக்க காயவிட்டு, ஐப்பசி மழைக்கு நல்லா முன்னாடி சுண்ணாம்பு பூசணும். காயறதுக்கு சுவர் கனத்துல அங்குலத்துக்கு ஒரு மாசம்னு ஒரு கணக்கு உண்டு, உங்க வீட்டுக்காரர் அவசரப்பட்டா இந்தக் கணக்க காட்டுங்க. பூசறப்போ பக்கத்துல நில்லுங்க, ‘பிடிப்புக்கு’ன்னு ஒரு சட்டி சிமெண்ட்ட கலவையில தள்ளுறது கொத்தனார்களுக்கு கை பழக்கம். கடுக்காய், வெல்லத் தண்ணி சேக்கறது நல்லதுதான், ஆனா அதுக்குன்னு ‘பாரம்பரிய ரேட்’ சொல்ற ஆள திருப்பி அனுப்புங்க.

சிமெண்ட்டே கூடாதான்னா, ஒரு இடம் இருக்கு. அட்டாச்டு பாத்ரூமுக்காக பின்னால எழுப்பின சுவர். கல்லுக்கு நடுவுல இருக்கற சாந்த ஆணியால சுரண்டுங்க, வெள்ளையா மாவு மாதிரி உதிர்ந்தா சுண்ணாம்பு, சாம்பல் கலர்ல கல்லு மாதிரி நின்னா சிமெண்ட். சிமெண்ட்ல கட்டினதா இருந்தா ரெண்டு பக்கமும் சிமெண்டே பூசலாம், தப்பில்ல. பழைய சுவர்லயே பாத்ரூம சேத்திருந்தா மட்டும் உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப், டைல்ஸ் எல்லாம் பண்ணிக்கங்க, பெட்ரூம் பக்கம் சுண்ணாம்புதான். ரெண்டு பக்கமும் மூடுனா நடுவுல மாட்டுன தண்ணி எங்க போகும்? ஒரே சுவர்ல பாதி பழசு பாதி புதுசா இருந்தா ரெண்டும் சேர்ற இடத்துல தனித்தனியா சுரண்டிப் பாத்துட்டு அந்தந்த பக்கத்துக்கு அதது, ஒரே பூச்சா இழுத்துடாதீங்க, சேர்ற கோட்டுல வெடிப்பு விடும்.

இப்ப மேல்தளம். கொத்தனார் இடிக்கச் சொன்னாருன்னா, பழைய மரம் வாங்கற ஆள் யாராவது அவர் கூட வர்றாரான்னு கவனிங்க. உங்க வீட்டு உத்தரம் நல்ல தேக்கா இருந்தா அதுக்கு வெளிய என்ன விலைன்னு அவங்களுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. ‘கரையான் அரிச்சுருச்சு, எடுத்துட்டுப் போறதே உங்களுக்கு உதவி’ன்னு பேசி, இடிக்கற கூலிக்கு மரத்த கழிச்சுடுவாங்க, கொத்தனாருக்கு கமிஷன். நிறைய வீடு இப்படித்தான் போச்சு. நீங்களே ஏணி போட்டு, உத்தரம் சுவருக்குள்ள நுழையற முனையில ஸ்க்ரூட்ரைவரால குத்திப் பாருங்க. இறங்கலன்னா மரம் நல்லாருக்கு, தளத்து மேல பதிச்ச தட்டு ஓட்டுல இருக்கற வெடிப்ப மட்டும் சரி பண்ணா போதும். ஒண்ணு ரெண்டுல இறங்குச்சுன்னா பழைய கட்டடம் தெரிஞ்ச இன்ஜினியர, மர ஆளோட சம்பந்தமில்லாதவரா பாத்து கூப்பிடுங்க, மொத்தத்தையும் இடிக்கணும்னு இல்ல.

ரெண்டு ரூமையும் ஒண்ணாக்க நடுச்சுவர எடுக்கற யோசனை இருந்தா விட்டுடுங்க, உத்தரம் அதுமேலதான் உக்காந்திருக்கும்.

கடைசியா பெயிண்ட்டுக்கு பதிலா வெள்ளை சுண்ணாம்பே அடிங்க. பீரோவ சுவரோட ஒட்டிப் போடாம நாலு விரல் இடம் விடுங்க.