யானைக்குட்டியிடம் தோற்ற கதை: என் ஆஸ்கர் கணிப்புகள்

ஆஸ்கர் யாருக்குக் கிடைக்கும் என்று விழாவுக்கு முன்பே சரியாகச் சொல்ல முடியுமா, நீங்கள் எப்படிக் கணிக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பாதிக்கு மேல் சொல்லிவிடலாம், மிச்சத்தில்தான் மானம் போகும். நண்பர்கள் ஐந்து பேர் ஒவ்வொரு வருஷமும் முந்தைய இரவே ஆளுக்கொரு தாளில் எல்லாப் பிரிவுக்கும் பெயர் எழுதிவைத்துவிடுவோம். நான் முதலாவதாக வந்தது ஒரே ஒருமுறை, அதுவும் 'ஓப்பன்ஹைமர்' ஏழு விருதை அள்ளிக்கொண்டு போன 2024-ல். அந்த வருஷம் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருந்தாலும் பாதி சரியாகியிருக்கும். ஆகவே இந்தப் பதிலை அந்த அளவுக்கு நம்பினால் போதும்.

நான் ரொம்ப நாள் செய்த தப்பு, எது நல்ல படம் என்று யோசித்தது. 2022-ல் 'தி பவர் ஆஃப் தி டாக்' 12 பரிந்துரைகளோடு வந்தது. 'கோடா'வுக்கு மூன்றே மூன்று, இயக்கத்துக்கோ படத்தொகுப்புக்கோ பரிந்துரைகூட இல்லை. பன்னிரண்டு எங்கே, மூன்று எங்கே என்று பேனாவை அழுத்தி எழுதினேன். கோடா மூன்றையும் வாங்கியது, அதில் ஒன்று சிறந்த படம். என் படத்துக்குக் கிடைத்தது இயக்கத்துக்கான ஒரே ஒரு விருது.

அப்புறம்தான் ஆஸ்கர் கொடுக்கும் அகாடமி தன் உறுப்பினர்களின் ஓட்டை எண்ணும் முறையை உட்கார்ந்து படித்தேன். மற்ற பிரிவுகளில் அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயிப்பார், அவ்வளவுதான். சிறந்த படத்துக்கு மட்டும் பத்துப் படங்களையும் முதலாவது, இரண்டாவது என்று வரிசைப்படுத்தித் தரவேண்டும். எந்தப் படமும் பாதியைத் தாண்டவில்லை என்றால் கடைசியில் கிடக்கும் படத்தைத் தூக்கிவிட்டு, அதை முதலில் எழுதியவர்களின் சீட்டில் அடுத்ததாக எந்தப் படம் இருக்கிறதோ அதற்கு அந்த ஓட்டை மாற்றுவார்கள், இப்படியே ஒரு படம் பாதியைத் தாண்டும்வரை போகும். நூறு பேர் தலையில் தூக்கிவைத்து ஆடி, நூறு பேர் 'ஐயோ, வேண்டாம்' என்று கடைசியில் தள்ளும் படம் இங்கே திணறும். எல்லாருக்கும் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ பிடித்த படம் சத்தமில்லாமல் மேலே வந்துவிடும். அமெரிக்கத் தயாரிப்பாளர் சங்க விருதும் இதே முறைதான், அது எட்டு நாள் முன்பே கோடாவுக்குக் கிடைத்திருந்தது. நான்தான் கவனிக்கவில்லை. அதற்காக அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள், 2020-ல் அதே சங்கம் '1917'-க்குக் கொடுத்தது, ஆஸ்கர் 'பாரசைட்'டுக்குப் போனது.

நடிப்புப் பிரிவில் என் வரலாறு இன்னும் கேவலம். 2021-ல் வழக்கத்தை மாற்றி, சிறந்த நடிகர் விருதைக் கடைசிக்குக் கொண்டுபோனார்கள். மறைந்த சாட்விக் போஸ்மனுக்குத்தான் என்று எல்லாரும் தயாராக இருந்தோம், அமெரிக்க நடிகர் சங்க விருதும் அவருக்குத்தான் கிடைத்திருந்தது. உறையைப் பிரித்தால் ஆன்டனி ஹாப்கின்ஸ். அவர் அரங்கத்திலேயே இல்லை, நன்றியுரை சொல்ல ஆளில்லாமல் விழா அப்படியே முடிந்துபோனது. பிரிட்டனின் பாஃப்டா விருது ஹாப்கின்ஸுக்குப் போயிருந்தது பிறகுதான் உறைத்தது. சரி, இனிமேல் பாஃப்டாதான் வழிகாட்டி என்று முடிவு செய்தேன்.

2023-ல் பாஃப்டா பட்டியலைப் பார்த்து ஆஸ்டின் பட்லர், கேட் பிளான்செட் என்று நடிப்புப் பிரிவுகள் நான்குக்கும் அதிலிருந்த பெயரையே அப்படியே எழுதினேன். நாலுக்கு நாலும் தப்பு! நான்கு பேரையும் சரியாகக் காட்டியிருந்தது நான் கைவிட்ட நடிகர் சங்கம். திரும்பி அதன் பக்கம் போனேன். 2024-ல் அது லில்லி கிளாட்ஸ்டோன் என்றது, ஆஸ்கரும் பாஃப்டாவும் எம்மா ஸ்டோனுக்குப் போயின. 2025-ல் டெமி மூர் என்றது. நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் நடித்தும் நடிப்புக்காக வாங்கும் முதல் விருது இதுதான் என்று கோல்டன் குளோப் விருது மேடையில் அவர் பேசியதைக் கேட்டுவிட்டு வேறு பெயர் எழுத எனக்கு மனசு வரவில்லை, பாஃப்டா மைக்கி மேடிசனுக்கு என்று தெரிந்தும். ஆஸ்கரும் மேடிசனுக்கே. இப்போது நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: இரண்டு இடத்திலும் ஒரே பெயர் வந்தால் யோசிக்காமல் எழுதிவிடுங்கள், வேறு வேறு பெயர் வந்தால் காசைச் சுண்டிப்போடுங்கள்.

ஆனால் போட்டியை முடிவு செய்வது இந்தப் பெரிய பிரிவுகள் அல்ல. அங்கே எல்லார் தாளிலும் கிட்டத்தட்ட ஒரே பெயர்தான் இருக்கும். மூன்று குறும்படப் பிரிவுகள்தான் ஆளைக் கவிழ்ப்பவை. ஒரு பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட படங்கள் அத்தனையும் பார்த்தால்தான் அந்தப் பிரிவில் ஓட்டுப் போடலாம் என்று அகாடமி 2025-ல் விதி போட்டது, அதனால் தெரிந்த பெயருக்குக் குத்திவிட்டுப் போகும் பழக்கம் குறையும் என்று நினைக்கிறேன்.

2023 தாளை இன்னும் வைத்திருக்கிறேன். நடிப்பு நான்கிலும் சிவப்புக் கோடு. பாடல் வரிசையில் 'நாட்டு நாட்டு', அதைச் சுற்றி வட்டம். அது ஏற்கெனவே கோல்டன் குளோப் வாங்கியிருந்ததால் அதில் பெரிய வீரம் ஒன்றுமில்லை. கீழே ஆவணக் குறும்படத்தில், முதுமலை யானை முகாமில் எடுத்த 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' என்று முதலில் எழுதி, ஒரே இரவில் இந்தியாவுக்கு இரண்டா கொடுப்பார்கள் என்று கணக்குப் போட்டு, அடித்துவிட்டு வேறு படத்தை எழுதியிருக்கிறேன். அடித்த கோட்டுக்குக் கீழே அந்தப் பெயர் இன்னும் படிக்கத் தெரிகிறது. இரண்டுமே ஜெயித்தன. அந்த வருஷம் முதலாவதாக வந்தவர், பரிந்துரைக்கப்பட்ட படங்களில் பாதியைக்கூடப் பார்க்காத நண்பர் ஒருவர். எப்படிச் சரியாக எழுதினாய் என்று கேட்டேன். "யானைக்குட்டியைக் காட்டின பிறகு எவன்டா வேற படத்துக்கு ஓட்டுப் போடுவான்?"