வீட்டு அலாரத்தின் ரகசிய எண் யாரிடம் இருக்கிறது?

பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் மட்டும் ஊரில் என்று ஆகிவிட்ட வீடுகள் திருநெல்வேலிப் பக்கம் தெருவுக்கு நாலு இருக்கின்றன. அந்த வீடுகளிலிருந்து ஒயர்லெஸ் திருட்டு அலாரம் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளை மட்டும் இந்த முறை சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: பாளையங்கோட்டையில் நானும் கணவரும் மட்டும் இருக்கிறோம். மஸ்கட்டில் இருக்கும் மகன் சொல்லி, டவுனில் ஒரு கடையில் அலாரம் வாங்கினோம். ஆள் வந்து முக்கால் மணி நேரத்தில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். வெளியே போகும்போது ஆன் செய்தால், சாயங்காலம் நாலு மணிவாக்கில் யாருமே இல்லாமல் கத்துகிறது. ராத்திரி ஆன் செய்தால், நாங்கள் பாத்ரூமுக்கு எழுந்தாலே கத்துகிறது. கூப்பிட்டால் ஒவ்வொரு தடவையும் ஐநூறு ரூபாய் கேட்கிறார். இப்போது பிளக்கைப் பிடுங்கி வைத்திருக்கிறோம். திருப்பிக் கொடுத்துவிடலாமா?

அவசரப்பட வேண்டாம் அம்மா. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் பெட்டியில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. மாட்டிய இடமும் செய்து வைத்த செட்டிங்கும்தான் தப்பு. முதலில் பிளக்கைத் திரும்பப் போடுங்கள். உள்ளே ஒரு பேட்டரி இருக்கிறது. அது காலியாகவே மாதக்கணக்கில் கிடந்தால் கெட்டுப்போகும்.

நாலு மணிக் கத்தலை முதலில் பார்ப்போம். ஹாலில் ஆள் நடமாட்டத்தைப் பார்க்கும் சென்சார் ஒன்று இருக்குமே, அது கேமரா இல்லை. வெப்பம் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நகர்வதை மட்டுமே அது உணரும். மேற்கு ஜன்னலைப் பார்த்து அதை மாட்டியிருந்தால், சாயங்கால வெயில் சூடாக்கிய திரை காற்றில் ஆடினாலே போதும், ஆள் என்று நினைத்துக்கொள்ளும். ஜன்னல் இருக்கும் சுவரிலேயே, ஏழடி உயரத்தில், மூலையில் மாட்டி வீட்டின் உட்பக்கம் பார்க்கும்படி வைக்கச் சொல்லுங்கள். வருகிறவன் அதற்கு நேராக நடந்து வருவதைவிடக் குறுக்கே கடந்து போகும்படி இருந்தால் நன்றாகப் பிடிக்கும்.

அப்புறம் பல்லி. லென்ஸின் மேலேயே ஒரு பல்லி ஊர்ந்தால் அதற்கு அது யானை மாதிரி. டியூப்லைட்டுக்குப் பக்கத்தில் சென்சாரை மாட்டினால், பூச்சிக்கு வருகிற பல்லி இதையும் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் போகும். விளக்கிலிருந்து தள்ளி மாட்டுங்கள். பின்பக்கத் துளைகளில் எறும்பு புகாமல் சிலிக்கான் பசை வைத்து அடையுங்கள்.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது. சித்திரை வெயிலில் பூட்டிய வீட்டுக்குள் வெப்பம் 36, 37 டிகிரியைத் தொடும்போது, சுவருக்கும் மனித உடம்புக்கும் சூட்டில் வித்தியாசமே இருக்காது. அந்த நேரத்தில் இந்தச் சென்சாருக்குக் கண் மங்கிவிடும். வெப்பத்துக்கு ஏற்பத் தானே சரிசெய்துகொள்ளும் வகையும் கிடைக்கிறது. இருந்தாலும் அதை மட்டும் நம்பாமல் வாசல் கதவிலும் புறவாசல் கதவிலும் காந்தச் சென்சார் கட்டாயம் இருக்க வேண்டும். கதவில் ஒரு காந்தமும் நிலையில் சென்சாரும் இருக்கும், கதவு திறந்து இரண்டும் பிரிந்தால் பெட்டிக்குச் சொல்லும்.

ராத்திரிக் கத்தலுக்குக் காரணம் வேறு. அலாரத்தை இரண்டு விதமாக ஆன் செய்யலாம். வீட்டில் யாரும் இல்லாதபோது எல்லாச் சென்சாரும் விழித்திருக்கும் முறை ஒன்று. நீங்கள் உள்ளே தூங்கும்போது கதவுகள் மட்டும் விழித்திருக்கும் முறை இன்னொன்று. ரிமோட்டில் சின்ன வீட்டுப் படம் போட்ட பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் அதுதான் ராத்திரிக்கு உரியது. அதை அழுத்தியும் கத்தினால், மாட்டியவர் எல்லாச் சென்சாரையும் ஒரே வகை சோனில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று அர்த்தம். சோன் என்றால், ஒரு சென்சார் எப்போது, எப்படிக் கத்த வேண்டும் என்று பிரித்து வைக்கும் வகை. முக்கால் மணி நேரத்தில் முடிந்த வேலை என்கிறீர்கள், அநேகமாக அப்படித்தான் இருக்கும்.

சோன் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறேன், அவர் வரும்போது இதை வாசித்துக் காட்டுங்கள். வாசல் கதவு தாமதச் சோன்: திறந்ததும் 30 வினாடி பொறுக்கும், அதற்குள் நீங்கள் எண்ணை அழுத்தி ஆஃப் செய்துவிடலாம். புறவாசலும் மச்சுக் கதவும் உடனடிச் சோன், திறந்த அந்த நொடியே சைரன். ஹால் சென்சார் ராத்திரி முறையில் தூங்க வேண்டும்; பகலில் வாசல் கதவு வழியாக நீங்கள் நுழைந்தால் அதுவும் அந்த 30 வினாடி பொறுக்க வேண்டும். கேஸ் கசிவு சென்சாரும் ஆபத்துப் பொத்தானும் 24 மணி நேரச் சோன், அலாரம் ஆஃபில் இருந்தாலும் அவை வேலை செய்யும். வெளியே போகும் தாமதம் என்று இன்னொன்று உண்டு. கதவைப் பூட்டி, கிரில்லைப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு இறங்க உங்கள் வயதில் நேரமாகும். அதை 90 வினாடி வைக்கச் சொல்லுங்கள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். இந்தப் பெட்டிகளுக்கு இரண்டு ரகசிய எண்கள் உண்டு. ஆன், ஆஃப் செய்ய ஒன்று. செட்டிங்கையே மாற்ற இன்னொன்று. இரண்டும் தொழிற்சாலையிலிருந்து வரும்போது 1234, 0000 என்கிற மாதிரி, அந்த மாடல் பெட்டிகளுக்கெல்லாம் பொதுவான எண்ணாக, கையேட்டிலேயே அச்சாகி வரும். மாட்டிய ஆள் அதை மாற்றாமல் போனால், அதே பெட்டியைத் தெரிந்த எவனும் உங்கள் அலாரத்தை வாயடைக்கலாம். மாற்றிவிட்டு உங்களிடம் சொல்லாமல் போனால், வீடு உங்களுடையது, சாவி அவருடையது. ஐநூறு ரூபாய் வருகைகள் அங்கிருந்துதான் பிறக்கின்றன. கடைசியாக ஒரு தடவை கூப்பிடுங்கள். உங்கள் கண் முன்னால் இரண்டு எண்ணையும் நீங்களே அழுத்தி மாற்றுங்கள். எத்தனை ரிமோட் பதிவாகியிருக்கிறது என்று கேட்டு, உங்கள் கையில் இருப்பதைவிட ஒன்று கூடுதலாக இருந்தால் அழிக்கச் சொல்லுங்கள்.

எண்ணைத் தர மாட்டேன் என்றால், கையேட்டில் உள்ளபடி பெட்டியைத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோய்விட்டு சென்சார்களை முதலிலிருந்து பதிவு செய்யலாம். பயப்படும் வேலை இல்லை, மகன் வீடியோ காலில் இருந்தால் போதும். பெட்டியைப் பதிவு முறையில் வைப்பது, கதவைத் திறந்து காந்தத்தைப் பிரிப்பது, பீப் சத்தம் கேட்டதும் அதற்கு ஒரு எண்ணும் இடமும் கொடுப்பது. அடுத்த கதவு. ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள்: 1 வாசல், 2 புறவாசல், 3 மச்சு.

அலாரம் அடித்ததும் பெட்டி தானாக அழைக்கும் போன் எண்களை மகனிடமிருந்து ஆரம்பிக்காதீர்கள். மஸ்கட்டில் இருப்பவர் பதறத்தான் முடியும். முதல் எண் எதிர் வீடு, இரண்டாவது அதே தெருவில் சொந்தக்காரர், மூன்றாவது மகன். 100, 112 இரண்டையும் தானாக அழைக்கும்படி போட வேண்டாம். பல்லிக்காகப் போலீஸ் வந்து நின்றால், நிஜமாகத் திருடன் வரும் நாளில் நம் அழைப்புக்கு மதிப்பு இருக்காது. எதிர் வீட்டார் பார்த்து உறுதி செய்துவிட்டு 112-ஐ அழைக்கட்டும்.

கேள்வி: அண்ணாச்சி, பணகுடியில் புது வீடு கட்டியிருக்கேன். ஆன்லைனில் மூவாயிரத்துக்கும் அலாரம் இருக்கு, இருபதாயிரத்துக்கும் இருக்கு. ரெண்டும் கத்தத்தானே செய்யுது, எதுக்கு அவ்வளவு விலை?

நியாயமான கேள்விதான் தம்பி. விலை குறைந்தவற்றில் பல, ரிமோட்டை அழுத்தும் ஒவ்வொரு முறையும் மாறாத ஒரே குறியீட்டை அனுப்பும். தெருவில் நின்று அதை ஒருவன் பிடித்துவைத்துக்கொண்டால், அப்புறம் அவனே உங்கள் அலாரத்தை ஆஃப் செய்யலாம். ஒவ்வொரு அழுத்தலுக்கும் குறியீடு மாறும் வகையைக் கேட்டு வாங்குங்கள். இன்னொரு வித்தியாசமும் உண்டு. மலிவான சென்சார் பேசும், கேட்காது. பேட்டரி செத்துப் போனாலும், யாரோ பிடுங்கி எறிந்தாலும் பெட்டிக்குத் தெரியாது. நல்ல வகையில் சென்சாரும் பெட்டியும் குறித்த இடைவெளியில் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும், பதில் வராவிட்டால் உங்களுக்குச் செய்தி வரும். இந்த இரண்டுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாம். பெரிய தொடுதிரைக்காகவும் குரல் கட்டளைக்காகவும் கொடுக்காதீர்கள்.

சிம் போடும் பெட்டி என்றால் 2ஜி-யா 4ஜி-யா என்று கேளுங்கள். 2ஜி மட்டும் உள்ள பெட்டியில் ஜியோ சிம் வேலை செய்யாது, அவர்களிடம் 2ஜி சேவையே கிடையாது. புதிதாக வாங்குகிற நீங்கள் 4ஜி வாங்கிவிடுங்கள்.

உங்கள் ஊருக்கு இன்னொரு விஷயம். ஆனி ஆடியில் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, சுற்றிலும் காற்றாலை நிற்கிற ஊர். தாழ்ப்பாள் தளர்ந்த கதவு அந்தக் காற்றில் அரை அங்குலம் ஆடும். காந்தத்துக்கும் சென்சாருக்கும் இடையே அதிகபட்ச இடைவெளி விட்டு மாட்டியிருந்தால், ஆடும்போதெல்லாம் கதவு திறந்ததாகச் சொல்லும். ஐந்து மில்லிமீட்டருக்குள் நெருக்கி மாட்டுங்கள், தாழ்ப்பாளை இறுக்குங்கள், காற்று நேராக மோதும் ஜன்னலில் அதிர்வுச் சென்சார் வேண்டாம். இரும்புக் கிரில் கதவில் காந்தத்தை நேராக ஒட்டினால் இரும்பே அதன் பலத்தை இழுத்துக்கொள்ளும். அடியில் ஒரு மரத்துண்டு வைத்து மாட்டுங்கள், அல்லது ஷட்டருக்கு என்று விற்கும் பெரிய வகையை வாங்குங்கள்.

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் தாத்தா காலத்து வீடு. வாசலிலிருந்து புறவாசல் வரை நீளமாகப் போகும், சுண்ணாம்புச் சுவர். சென்சார் நூறு மீட்டர் எட்டும் என்றார் கடைக்காரர், ஆனால் பின்கதவுச் சென்சார் எப்போதாவதுதான் வேலை செய்கிறது.

கடைக்காரர் சொன்ன நூறு மீட்டர், தடுப்பே இல்லாத வெட்டவெளிக் கணக்கு. இரண்டடிச் சுவர் மூன்றைத் தாண்டினால் அதில் பெரும்பகுதி போய்விடும். பெட்டியை வாசல் பக்கம் வைத்திருந்தால் பட்டாசல் நடுவுக்கு மாற்றுங்கள். இரும்புப் பீரோவுக்குள்ளோ அதன் பின்னாலோ வைக்காதீர்கள். துளை போடுவதற்கு முன் இருபக்க டேப்பில் ஒட்டி இரண்டு நாள் சோதித்துப் பார்த்துவிட்டுத் துளையுங்கள், பழைய சுவரை வீணாகக் குத்த வேண்டாம். அப்படியும் எட்டாவிட்டால், அதே கம்பெனியின் ரிப்பீட்டர், அதாவது சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் சின்னப் பெட்டி ஒன்றை இடையில் வைத்தால் போதும்.

கேள்வி: துபாயில் இருக்கிறேன். வள்ளியூர் வீட்டு அலாரம் ஆப்பில் அடிக்கடி ‘ஆஃப்லைன்’ என்று காட்டுகிறது. பெட்டியில் பேட்டரி இருக்கிறது என்றார்களே?

பெட்டியில் இருக்கிறது, வைஃபை ரவுட்டரில் இருக்காது. மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்வாரியம் காலையில் நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும். அவ்வளவு நேரமும் அலாரம் உயிரோடு இருந்தாலும் உங்களிடம் பேச அதற்கு வழியில்லை. ரவுட்டருக்கென்றே சின்ன யூபிஎஸ் விற்கிறார்கள், அல்லது இன்வெர்ட்டர் லைனில் போடச் சொல்லுங்கள். கூடவே சிம் வழியும் இருக்கட்டும். என் அக்கா வீட்டில் சிம் இருந்தது, ரீசார்ஜ் முடிந்து நாலு மாதமாகியும் யாருக்கும் தெரியவில்லை. டேட்டா இல்லாமல் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள, 365 நாள் வரை செல்லும் திட்டங்களுக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் வழி செய்தது. சிம் மூலம் போனும் குறுஞ்செய்தியும் மட்டும் அனுப்பும் பெட்டிக்கு அப்படி ஒன்று போதும்.

2023 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணிக் கரையெங்கும் கரண்டும் இல்லை, டவரும் இல்லை, வெளியூரில் இருந்தவர்கள் வீட்டுக்குப் பேச முடியாமல் தவித்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் ஆப்பும் உதவாது, சிம்மும் உதவாது. தெருவுக்குக் கேட்கும் சைரனும், அதைக் கேட்டு எழுந்து வரும் பக்கத்து வீட்டாரும்தான். அதனால் சைரனை ஹாலுக்குள் வைத்துவிடாமல் வெளிச் சுவரில், கைக்கெட்டாத உயரத்தில் ஒன்று வையுங்கள். மாதம் ஒரு நாள் வீட்டைப் பார்த்துக்கொள்பவரை விட்டு ஒவ்வொரு கதவையும் திறந்து சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மேலப்பாளையத்தில் இருக்கிறேன். வாங்கி இருபது நாளில் கீபேட் செத்துவிட்டது. ‘மாட்டிவிட்டால் மாற்றித் தர முடியாது’ என்கிறார் கடைக்காரர். பில்லுக்குப் பதில் துண்டுச் சீட்டுதான் கொடுத்தார்.

இரண்டுமே தப்பு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பில் கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிகம். பழுதான பொருளை, பில்லில் சொன்ன நாளுக்குள், நாள் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதும் அப்படியே. உங்களுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. இன்றே என்ன பழுது, எப்போது வாங்கியது என்று எழுதி, பதிவுத் தபாலிலும் வாட்ஸப்பிலும் கடைக்கு அனுப்புங்கள். துண்டுச் சீட்டையும், நீங்கள் ஜிபே மாதிரி எதிலாவது பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவையும் பத்திரமாக வையுங்கள், அவை ஆதாரம்.

மசியவில்லை என்றால் 1915-க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதியுங்கள், கட்டணம் இல்லை. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போகலாம். வெளியூர்க் கடையில் ஆன்லைனில் வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்.

புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கும் ஒன்று. பில்லில் பெட்டியின் மாடல் எண்ணோடு ‘மாட்டுதல், பதிவு செய்தல், ரகசிய எண்கள் ஒப்படைப்பு உட்பட’ என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். சூட்டில் அச்சாகும் வழவழப்புத் தாள் பில் ஆறேழு மாதத்தில் வெளுத்துவிடலாம், வாங்கிய அன்றே போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.