கரூரில் ஒரு கேமரா: வருகிற ஆர்டரை எல்லாம் எடுப்பதா, ஒரே துறையில் நிற்பதா?

கரூரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் விஷுவல் கம்யூனிகேஷன் முடித்துவிட்டாள். தாய்மாமன் ஊரிலேயே ஸ்டுடியோ வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் போட்டோ எது வந்தாலும் எடுப்பவர். "எல்லா ஆர்டருக்கும் என்னோடு வா, கை பழகும், காசும் வரும்" என்கிறார் அவர். மகளோ ஏற்றுமதி ஜவுளிகளை மட்டும்தான் எடுப்பேன், கல்யாணத்துக்குப் போக மாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது, மேற்படிப்பு வேண்டுமா, ஏஐ இந்தத் தொழிலை விழுங்கிவிடாதா என்று கேட்கிறார் தாய்.

அம்மா, போய்ச் சேர வேண்டிய இடத்தை உங்கள் மகள் சரியாகச் சொல்கிறாள். போகிற வழியை உங்கள் தம்பி சரியாகச் சொல்கிறார். இன்றே கல்யாண ஆர்டர்களை விட்டுவிட்டால் இரண்டாம் வருடம் கையில் காசு இருக்காது. பத்து வருடம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டே இருந்தால், இதற்கு இவரைத்தான் கூப்பிட வேண்டும் என்று யாரும் தேடி வர மாட்டார்கள்.

ஒரு துறையைத் தேர்ந்தெடுக்கும்போது பிள்ளைகள் பெரும்பாலும் தங்களுக்கு எது பிடிக்கும் என்று மட்டும் பார்க்கிறார்கள். காட்டுயிர் பிடிக்கும், உணவு பிடிக்கும், குழந்தை பிடிக்கும். பார்க்க வேண்டியது இன்னொன்றும் உண்டு: வீட்டிலிருந்து இரண்டு மூன்று மணி நேரப் பயணத்துக்குள், திரும்பத் திரும்பப் பணம் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்பவர்கள் யார்? கல்யாண வீட்டார் ஒருமுறை வருவார்கள். அடுத்த ஆர்டர் அவர்கள் சொந்தக்காரர் வழியாகத்தான் வர வேண்டும். பிறந்த குழந்தைப் படங்களுக்குப் பெரிய நகரம் வேண்டும், அதுவும் குழந்தை பிறந்த முதல் இரண்டு வாரத்துக்குள் எடுத்தாக வேண்டும். காட்டுயிர்ப் படங்களை மட்டும் விற்று வாழ்பவர்கள் மிகக் குறைவு. பலர் பயணம் நடத்தியும் வகுப்பெடுத்தும்தான் சம்பாதிக்கிறார்கள். கரூரின் நிலை வேறு. படுக்கை விரிப்பு, சமையலறைத் துணி, மேசை விரிப்பு ஏற்றுமதி செய்யும் நிறுவனங்கள் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. திருப்பூரில் பின்னலாடை, சேலத்தில் வெள்ளிக் கொலுசு, கோவையில் பம்பும் கிரைண்டரும் நகையும். ஒவ்வொரு சீசனுக்கும் புது டிசைன், புது கேட்லாக். இந்த இடத்தில் பிறந்த பெண் பொருள் படப்பிடிப்பைத் தேர்ந்தெடுப்பது கனவு மட்டும் இல்லை, கணக்கும் கூட.

ஆனால் அந்த வேலை வெள்ளைப் பின்னணியில் துணியை விரித்து எடுப்பதோடு முடிவதில்லை. அதை மகள் எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறாள் என்று நீங்களே கேட்டுப் பாருங்கள்.

ஜவுளியில் முதல் சிக்கல் நிறம். படத்தில் ஒரு நிறம், கையில் கிடைத்த துணியில் இன்னொரு நிறம் என்றால் சரக்கு திரும்பி வரும், ஏற்றுமதியாளர் அடுத்த முறை வேறு ஆளைக் கூப்பிடுவார். வெள்ளைத் துணியை வெளுப்பாகக் காட்ட ஆலைகளில் டினோபால் போன்ற பிரைட்னர் சேர்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தருவதுதான் அதன் வேலை. ஸ்ட்ரோப் விளக்கு (ஸ்டுடியோ ஃபிளாஷ்) புற ஊதாவைக் கூடவே உமிழ்ந்தால் வெள்ளை டவல் நீலம் பாய்ந்து விழும்; பக்கத்தில் இருக்கும் சாயமிடாத பருத்தி மட்டும் மஞ்சளாகத் தெரியும். கேமராவின் நிறச் சமநிலையான வொயிட் பேலன்ஸை எவ்வளவு திருப்பினாலும் இரண்டும் ஒன்றாகச் சரியாகாது. புற ஊதாவைத் தடுக்கும் பூச்சுள்ள ஃபிளாஷ் டியூபோ, விளக்கின் முன் வைக்கும் ஃபில்டரோதான் தீர்வு. கறுப்பு, கருநீல சிந்தெடிக் துணிகளில் இன்னொரு வம்பு: சில சாயங்கள் அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும், கேமரா அதைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், கறுப்பு பழுப்பாக வரும். இதைத் தெரிந்தவர் துணியைக் கையில் வாங்கியதுமே கேட்பார், "இது என்ன நூல், என்ன சாயம்?"

அடுத்தது நெசவு. சிறு கட்டம் போட்ட சமையலறைத் துணியை நேராக எடுத்தால், நூலின் வரிசையும் சென்சாரின் புள்ளி வரிசையும் ஒன்றோடொன்று மோதி, துணியில் இல்லாத அலை அலையான வரிகள் படத்தில் தோன்றும். மொயரே என்பார்கள். பிறகு கம்ப்யூட்டரில் அழிக்க உட்கார்ந்தால் ஒரு படத்துக்கு அரை மணி நேரம் போகும். எடுக்கும்போதே கேமராவை ஒரு சாண் முன்னே பின்னே நகர்த்தியோ, கோணத்தைச் சற்று மாற்றியோ பார்த்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதற்காகத்தான் கேமராவைக் கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்து, ஒவ்வொரு படத்தையும் நூறு சதவீத அளவில் அப்போதே பார்க்க வேண்டும். டவலின் நூல் வளையங்கள் தெரிய விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டில், பரப்பை உரசுகிற மாதிரி வைக்க வேண்டும். தட்டையான விரிப்பின் நிறமும் அச்சும் மட்டும் வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் 45 டிகிரியில் இரண்டு விளக்கு. அறையின் டியூப்லைட்டை அணைத்து, ஜன்னலை மூடிவிட வேண்டும். மறந்தால் துணியின் ஒரு பக்கம் மட்டும் பச்சை ஏறும்.

இடமும் சும்மா கிடைப்பதில்லை. பத்தடி அகலத்துக்கு விரித்த படுக்கையை பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் போட்டு எடுக்க, ஏறத்தாழ 14 அடி பின்னால் நிற்க வேண்டும். மாமாவின் ஸ்டுடியோ அறை பத்துக்குப் பன்னிரண்டு என்றால் அங்கே முடியாது. அகலக் கோண லென்ஸ் போட்டால் முன்மூலை பெருத்து, கட்டங்கள் ஓரத்தில் இழுபடும். ஏற்றுமதியாளர் அதை ஒரே பார்வையில் கண்டுபிடிப்பார். தொடக்கத்தில் தனி அறைக்கு வாடகை கொடுப்பதைவிட, நிறுவனத்தின் சாம்பிள் ரூமிலேயே விளக்குகளைக் கொண்டுபோய் எடுப்பது நல்லது.

இப்போது காசுக் கணக்கு. கேமரா, இரண்டு லென்ஸ், இரண்டு ஸ்ட்ரோப், நிறம் சரிபார்த்த மானிட்டர், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்து மூன்றரை லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வருடத்தில் அது தேயும் என்றால் மாதம் சுமார் 7,300 ரூபாய். இடத்துக்கு 8,000, மின்சாரமும் இணையமும் 3,000, ஹார்டு டிஸ்க்கும் இன்சூரன்ஸும் 1,700, பயணம் 5,000, தனக்கு என்று எடுத்துக்கொள்ளும் சம்பளம் 25,000. மொத்தம் 50,000. மாதத்தில் பத்து நாள் வேலை கிடைத்தால் ஒரு நாளைக்குக் குறைந்தது 5,000 வாங்க வேண்டும். நான்கு நாள்தான் கிடைத்தது என்றால் 12,500. புதிதாக வந்த பெண்ணுக்கு அந்த விலையை யாரும் கொடுக்க மாட்டார்கள். ஒரே துறை என்று இறங்கியவர்கள் முதல் இரண்டு வருடத்தில் தடுமாறுவது திறமை குறைந்ததால் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் தடுமாறுகிறார்கள். மீதி ஆறு நாளை மாமாவின் ஆர்டர்கள் நிரப்ப வேண்டும்.

இரண்டு தொழிலின் நாள்காட்டியும் ஒன்றுக்கொன்று இடம் விடுவது உங்கள் மகளின் அதிர்ஷ்டம். ஆடியிலும் புரட்டாசியிலும் மார்கழியிலும் கல்யாண ஆர்டர் ஏறக்குறைய இருக்காது. வீட்டு ஜவுளி ஏற்றுமதியாளர்களுக்கோ ஜனவரியில் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் நடக்கும் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சி முக்கியம். அதற்கு முன்பே சாம்பிளும் கேட்லாக்கும் தயாராக வேண்டும். புரட்டாசி தொடங்கும்போதே, நிறுவனங்களில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்களைப் பார்த்துப் பேசிவிட வேண்டும். கார்த்திகையில் போய் நின்றால் வேலை ஏற்கெனவே யாருக்கோ போயிருக்கும். கல்யாண வேலையைத் தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கல்யாணத்துக்குப் போக மாட்டேன் என்று சொல்லும் மகளுக்கு இதைச் சொல்லுங்கள்: மண்டபம் கற்றுக்கொடுப்பதைப் பொருள் ஸ்டுடியோ கற்றுக்கொடுக்காது. தாலி கட்டும் நேரம் சில விநாடிதான். கெட்டிமேளம் கேட்டதும் சொந்தக்காரர்கள் முன்னால் எழுந்து நிற்பார்கள், அட்சதை லென்ஸுக்கும் மணமகளின் முகத்துக்கும் நடுவில் பறக்கும், ஆட்டோஃபோகஸ் அரிசியைப் பிடித்துக்கொள்ளும். மேடைக்கு மேலே ஒருவர், பக்கவாட்டில் ஒருவர் என்று இரண்டு கேமரா நின்றால்தான் ஒன்றிலாவது படம் நிச்சயம். இரண்டு மெமரி கார்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும்படி வைப்பது, மண்டபத்தை விட்டுக் கிளம்பும் முன்பே இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுப்பது, ஆல்பம் கைக்குப் போகும்வரை எதையும் அழிக்காமல் இருப்பது எல்லாம் அங்கே பழக்கமாகிவிடும். திரும்ப எடுக்க முடியாத படத்தை எடுத்துப் பழகியவர், ஏற்றுமதியாளர் பத்து நிமிடம் கொடுத்தாலும் பதற மாட்டார். இரவு வரவேற்பு முடியப் பதினொன்று ஆகும். மாமாவின் வண்டியிலேயே போய் வருவது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் கவலையும் குறையும்.

இதற்கு ஒரு வரம்பு போட வேண்டும். இரண்டு, அதிகம் போனால் மூன்று வருடம். முதல் வருடம் மாதம் நான்கு நாள் ஜவுளி, இரண்டாம் வருடம் எட்டு நாள் என்று எழுதி வையுங்கள். வருமானத்தில் பாதிக்கு மேல் பொருள் படங்களிலிருந்து ஆறு மாதம் தொடர்ந்து வந்தால் கல்யாண ஆர்டரை நிறுத்தலாம். தேதி மட்டும் குறித்தால் நடக்காது, வருமானத்தையும் சேர்த்துக் குறித்தால்தான் நடக்கும்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கல்யாண ஜோடி, டவல், காதுகுத்து எல்லாம் ஒரே இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இருக்கும். பிராங்பர்ட்டுக்கு கேட்லாக் அனுப்பப் போகும் மெர்ச்சண்டைசர் அந்தப் பக்கத்தைத் திறந்தால், ஊர் ஸ்டுடியோக்காரர் என்று முடிவு செய்து மூடிவிடுவார். மாமாவின் ஸ்டுடியோ பெயரில் கல்யாணம் போகட்டும். மகளின் பெயரில் ஜவுளி மட்டும் இருக்கட்டும், அதுவும் 20 படம் போதும்.

காகித வேலையைத் தள்ளிப் போட வேண்டாம். கல்யாண வீட்டில் அட்வான்ஸ் வரும். நிறுவனங்கள் கடன் சொல்லும். மத்திய அரசின் உதயம் (Udyam) தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்வது இலவசம். பதிவு இருந்தால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி வாங்குபவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில். தாமதித்தால் வட்டி கேட்கலாம், அரசின் இணையதளத்தில் புகாரும் கொடுக்கலாம். புகார் வரை போகாமலே, பில்லில் உதயம் எண்ணை அச்சிட்டாலே கணக்குப் பிரிவினர் கொஞ்சம் வேகம் காட்டுவார்கள். சில நிறுவனங்கள் வருமான வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தரும். வருடக் கடைசியில் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். சேவைத் தொழிலுக்கு வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம்.

காப்புரிமையில் இன்னும் கவனம் வேண்டும். எடுத்தவருக்கே படம் சொந்தம் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். தன் பக்கத்தில் காட்டும் உரிமை தனக்கு உண்டு, புது டிசைன் சந்தைக்கு வந்த பிறகே காட்டுவேன் என்று இரண்டு வரி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். வெளிவராத டிசைனை அவசரப்பட்டுப் போட்டுவிட்டால் ஊர் முழுக்க பெயர் கெடும்.

மேற்படிப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஊட்டியில் இருக்கும் லைட் அண்ட் லைஃப் அகாடமியில் விளம்பரப் படப்பிடிப்பு முறையாகக் கற்கலாம். குஜராத்தின் காந்திநகரில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் (NID) புகைப்பட வடிவமைப்பில் முதுகலை தருகிறது, நுழைவுத் தேர்வு உண்டு. சென்னை எம்ஜிஆர் திரைப்படக் கல்லூரியில் கற்பிப்பது சினிமா ஒளிப்பதிவு, இதற்கு அது நேர் வழி இல்லை. கட்டணத்துக்குக் கடன் வாங்க வேண்டிய நிலை என்றால், முதலில் கோவையிலோ சென்னையிலோ ஒரு விளம்பரப் புகைப்படக்காரரிடம் ஆறு மாதம் உதவியாளராகச் சேரச் சொல்லுங்கள். விளக்கு எங்கே வைப்பது என்பதோடு, வாடிக்கையாளரிடம் விலை எப்படிப் பேசுவது என்பதும் அங்கேதான் காதில் விழும்.

ஏஐ எல்லாவற்றையும் விழுங்கிவிடாதா என்ற பயம் நியாயமானது. வெறும் வெள்ளைப் பின்னணிப் படங்களும், மாடலுக்குச் சட்டை போட்டுக் காட்டும் படங்களும் முதலில் குறையும். அதையே துறையாக வைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் கையில் இருக்கும் துணியின் உண்மையான நிறத்தையும் நெசவையும் காட்ட, முதலில் அந்தத் துணியைச் சரியாக எடுத்த படம் ஒன்று வேண்டும். மகள் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் அதுதான்.

இந்த வாரமே ஒரு சோதனை செய்து பார்க்கச் சொல்லுங்கள். தெரிந்த நிறுவனத்தில் மூன்று துணி வாங்கி வரட்டும்: ஒரு வெள்ளை டவல், ஒரு கருநீல விரிப்பு, சிறு கட்டம் போட்ட ஒரு சமையலறைத் துணி. மாமாவின் விளக்குகளை வைத்தே எடுக்கட்டும். படங்களோடு துணியையும் அதே நிறுவனத்து மெர்ச்சண்டைசரிடம் கொண்டுபோய், திரைக்குப் பக்கத்தில் துணியைப் பிடித்துக் காட்டட்டும். மூன்றில் எது ஒத்துப் போகவில்லை என்று அவர் சொல்வதை எழுதிக்கொண்டு வந்து, திரும்ப எடுத்து, திரும்பப் போகட்டும். மூன்றாவது முறையும் சலிக்காமல் கிளம்புகிறாளா என்று பாருங்கள். கிளம்பினால் தம்பியிடம் பேசி, அடுத்த தை முகூர்த்தத்துக்கு இரண்டாவது கேமராவாக அவளைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாதத்தில் எந்த நான்கு நாள் ஜவுளிக்கு என்பதையும் அன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள்.