600 டாலர் நிலம்: கேள்வி பதில்

ஜான் ஸ்டைன்பெக்கின் ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ நாவலைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1930களின் கலிபோர்னியா. ஜார்ஜ், லென்னி என்று இரண்டு பேர் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பண்ணை பண்ணையாகக் கூலி வேலைக்குப் போகிறார்கள். ஜார்ஜ் சின்ன உடம்பு, சுறுசுறுப்பு. லென்னிக்கு மலை மாதிரி உடம்பு, குழந்தை மனசு. சொலடாட் என்ற ஊர்ப்பக்கம் ஒரு பண்ணைக்கு பார்லி மூட்டை தூக்க வருகிறார்கள். சில நாட்களில் எல்லாம் முடிந்துவிடுகிறது. முடிவைத் தொடாமல் பதில் சொல்ல வழியில்லை, அதனால் படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள். சின்னப் புத்தகம்தான்.

சார், சொந்த நிலம், முயல் வளர்ப்பு என்று அவர்கள் பேசுவதெல்லாம் வெறும் பகல் கனவுதானே? அதை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்?

முதல் தடவை படித்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்த தடவை பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஜார்ஜ் மனதில் வைத்திருப்பது 10 ஏக்கர். விலை 600 டாலர். விற்பவர்கள் கையில் காசில்லாத வயதானவர்கள், அந்த அம்மாவுக்கு ஆபரேஷன் வேறு செய்ய வேண்டும். பண்ணையைக் கூட்டிப் பெருக்கும் கிழவர் கேண்டிக்கு, இயந்திரத்தில் கை போனதற்கு நஷ்ட ஈடாக 250 டாலர் கிடைத்திருக்கிறது. பேங்கில் சேமிப்பு 50, மாதக் கடைசியில் வர வேண்டியது 50. மொத்தம் 350. ஜார்ஜும் லென்னியும் ஒரு மாதம் காசைச் செலவழிக்காமல் இருந்தால் 100 சேரும். ஆக 450. மீதியை உழைத்துக் கட்டிவிடலாம் என்கிறான் ஜார்ஜ்.

இது பகல் கனவு இல்லை, ஒரு மாதத் தவணை. இந்தக் கணக்கைச் சொன்னதும் மூன்று பேரும் வாயடைத்து உட்கார்ந்திருக்கும் இடத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். அதுவரை லென்னியைத் தூங்க வைக்கிற தாலாட்டு மாதிரிதான் ஜார்ஜ் அந்தக் கதையைச் சொல்லி வந்தான். அவனே அதை நம்பத் தொடங்குவது அந்த ராத்திரியில்தான். அதனால்தான் பிற்பாடு அவ்வளவு வலிக்கிறது.

தலைப்பில் ஏன் எலி?

ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1785இல் எழுதிய கவிதையிலிருந்து எடுத்தது. உழும்போது கொழு பட்டு ஒரு வயலெலியின் கூடு சிதைந்துவிடுகிறது, குளிர்காலம் வேறு நெருங்குகிறது. எலியிடம் உழவன் வருத்தத்தோடு பேசுகிறான். எலியானாலும் மனிதரானாலும் போட்ட திட்டம் பல நேரம் தவறிப்போகும் என்கிறான். ஸ்டைன்பெக் முதலில் வைத்திருந்த தலைப்பு ‘நடந்த ஒன்று’ என்பது மாதிரி சாதாரணமானது. நல்லவேளை மாற்றினார்.

கர்லியின் மனைவிக்கு ஏன் பெயரே வைக்கவில்லை? அவள் வில்லிதானே? (கல்லூரியில் இதைப் பாடமாகப் படிக்கிறேன், தேர்வில் கேட்பார்களாம்.)

வில்லி என்று எழுதினால் மதிப்பெண் போகும், தங்கை. பண்ணையில் அவளைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் ஆண்கள். முதலாளி மகனின் பெண்டாட்டி என்ற அளவில் மட்டும்தான் அவர்களுக்கு அவளைத் தெரியும். அதனால் கதையிலும் அவள் அவ்வளவுதான். யாரோ ஒருத்தன் சினிமாவில் சேர்த்துவிடுகிறேன் என்று ஆசை காட்டியிருக்கிறான், ஹாலிவுட் போனதும் கடிதம் போடுவதாகச் சொல்லியிருக்கிறான். கடிதம் வரவில்லை. அம்மாதான் எடுத்து ஒளித்துவிட்டாள் என்று இன்றுவரை நம்புகிறாள். அந்தக் கோபத்தில்தான் கர்லியைக் கட்டிக்கொண்டாள். நாவல் நாடகமானபோது இந்த வேடத்தில் நடித்த கிளேர் லூஸுக்கு, இவள் எப்படிப்பட்ட பெண் என்று விளக்கி ஸ்டைன்பெக்கே ஒரு கடிதம் எழுதினார். அதில் அவருக்கு இவள்மேல் இருந்த இரக்கம் தெரியும்.

ஆனால் அவளை முழுக்க அப்பாவியாக்கிவிடவும் வேண்டாம். அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

குரூக்ஸ் வரும் அத்தியாயம் கதைக்குத் தேவையா? அதை எடுத்துவிட்டாலும் கதை ஓடும்போல இருக்கிறதே.

கதை ஓடும், நாவல் நிற்காது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பண்ணையில் குரூக்ஸ் ஒருவர்தான் கறுப்பர். குதிரை உதைத்து முதுகு கோணிவிட்டது. மற்றவர்கள் சேர்ந்து தூங்கும் கொட்டகையில் அவருக்கு இடமில்லை, அங்கே சீட்டாடவும் கூடாது. தொழுவத்தை ஒட்டி, சேணமும் வார்களும் தொங்கும் அறையில் தனியாக இருக்கிறார். அந்த அறையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: ஒரு கிழிந்த அகராதி, முதுகில் தேய்க்கத் தைலம், 1905ஆம் ஆண்டின் கலிபோர்னியா சிவில் சட்டப் புத்தகம். தாள் நைந்துபோகும் அளவுக்குப் புரட்டியிருக்கிறார். தன் உரிமை என்ன என்று எழுத்தில் தெரிந்து வைத்திருக்கிற மனிதர்.

சனிக்கிழமை ராத்திரி மற்றவர்கள் டவுனுக்குப் போய்விட, லென்னி அங்கே வந்து நிற்கிறான். குரூக்ஸ் முதலில் செய்வது அவனைச் சீண்டுவதுதான். ஜார்ஜ் திரும்பி வரவே இல்லை என்றால் என்ன செய்வாய் என்று திருப்பித் திருப்பிக் கேட்கிறார். காலமெல்லாம் மிதிபட்டவருக்குத் தன்னைவிட எளிய ஒருவன் கையில் கிடைத்திருக்கிறான். லென்னியின் முகம் மாறியதும் பயந்து நிறுத்திக்கொள்கிறார். அப்புறம் கேண்டி வந்து நிலக் கணக்கைச் சொல்ல, மெல்ல மெல்ல மனம் இளகி, கூலி வேண்டாம், சோறு போட்டால் போதும், நானும் வரட்டுமா என்று கேட்கிறார்.

அந்த நேரம் பார்த்து கர்லியின் மனைவி வாசலில் வந்து நிற்கிறாள். வெளியே போகச் சொன்ன குரூக்ஸிடம், நான் ஒரு வார்த்தை சொன்னால் உன்னை மரத்தில் தொங்கவிடுவார்கள் என்கிறாள். அன்றைய அமெரிக்காவில் அது வெறும் மிரட்டல் இல்லை. அவர் கண்முன்னே சுருங்கிப் போகிறார். அவள் போன பிறகு, நான் கேட்டதை மறந்துவிடுங்கள், சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்கிறார். சட்டப் புத்தகம் அதே அலமாரியில்தான் இருக்கிறது.

லென்னி மாதிரி ஒருவர் நிஜமாகவே இருந்தாரா?

இருந்தார் என்று 1937இல் ஒரு பேட்டியில் ஸ்டைன்பெக்கே சொல்லியிருக்கிறார். அவரும் இளமையில் பண்ணை வேலை செய்தவர். கூட வேலை பார்த்த ஒருவர்தான் லென்னிக்கு மூலமாம். நாவலில் லென்னி தன் பலம் தெரியாமல் கர்லியின் மனைவியைக் கொன்றுவிடுகிறான். அந்த நிஜ மனிதர் கொன்றது பெண்ணை அல்ல, பண்ணை மேஸ்திரியை. பேட்டி கொடுத்த சமயம் அவர் மனநல விடுதியில் இருந்தார்.

அண்ணா, ஜார்ஜ் செய்தது சரியா? இதை வைத்து எங்கள் வீட்டில் பெரிய சண்டையே நடந்தது.

நடக்கட்டும், நல்ல சண்டைதான். ஆனால் தீர்ப்புச் சொல்வதற்கு முன் கேண்டியின் நாய்க்குப் போவோம்.

கிழட்டு நாய், நாற்றம் தாங்கவில்லை, சுட்டுவிடு என்று கூட வேலை பார்க்கும் கார்ல்சன் நச்சரிக்கிறான். வலிக்காது என்று சொல்லி, எங்கே சுட வேண்டும் என்று நாயின் பின்மண்டையைத் தொட்டே காட்டுகிறான். கடைசியில் அவனே கூட்டிக்கொண்டு போகிறான். பண்ணையில் எல்லாரும் மதிக்கும் வண்டியோட்டி ஸ்லிம் அவனிடம் சொல்வது ஒன்றுதான், மண்வெட்டியை எடுத்துக்கொள். துப்பாக்கிச் சத்தம் கேட்கும்வரை கொட்டகையில் ஆளாளுக்குச் சம்பந்தமில்லாமல் ஏதேதோ பேசுவார்கள். கேண்டி கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பார். பிறகு ஜார்ஜிடம் சொல்வார்: என் நாயை நானே சுட்டிருக்கணும், வேற ஆள் கையில விட்டிருக்கக் கூடாது.

கடைசியில் ஜார்ஜ் எடுத்து வருவது கார்ல்சனின் அதே துப்பாக்கி. குறி வைப்பது அதே இடம். கர்லி வயிற்றில் சுடத் துடித்துக்கொண்டு வருகிறான், பிடித்துக் கொடுத்தாலும் கூண்டில் அடைப்பார்கள். ஆற்றோரத்தில் லென்னியை அந்தப் பக்கம் பார்க்கச் சொல்லிவிட்டு, நிலத்தையும் முயலையும் அதற்குப் போடும் குதிரைமசால் தீவனத்தையும் பற்றிச் சொல்லிக்கொண்டே சுடுகிறான். கை நடுங்குகிறது.

என்னைக் கேட்டால், வேறு வழியில்லாமல் செய்தான் என்பேன். ‘சரி’ என்ற வார்த்தையை நான் எடுக்கமாட்டேன். உங்கள் வீட்டில் யார் கட்சி நான் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

படம் பார்த்தால் போதுமா?

போதாது. பார்ப்பதென்றால் 1992இல் வந்ததைப் பாருங்கள். கேரி சினிஸ் இயக்கி ஜார்ஜாக நடித்தார், ஜான் மால்கோவிச் லென்னி.

கடைசி வரியை கார்ல்சனுக்கு ஏன் கொடுத்தார்? அந்த இடத்தில் அவ்வளவு எரிச்சலாக இருந்தது.

எரிச்சல் வரத்தான் வேண்டும். ஸ்லிம் ஜார்ஜைக் குடிக்கக் கூட்டிக்கொண்டு போகிறான். அதைப் பார்த்துவிட்டு, இவர்களுக்கு என்ன வந்தது என்று கார்ல்சன் கர்லியிடம் கேட்கிறான். கேலியாகக் கேட்கவில்லை, அவனுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. கேண்டியின் நாயைச் சுடச் சொன்னபோதே, பதிலுக்கு ஸ்லிம்மின் நாய் போட்ட குட்டிகளில் ஒன்றைக் கேண்டிக்குக் கொடுத்துவிடலாம் என்று யோசனை சொன்னவனும் அவன்தான். அதை நல்ல மனசோடுதான் சொன்னான்.