தென்காசியில் இரண்டு நாள்: அருவியில் குளிக்க முடியாவிட்டால்?

ஜூலையில் குடும்பத்தோடு தென்காசிக்கு வருகிறோம், குற்றாலத்தில் குளிக்கத் தடை போட்டுவிட்டால் இரண்டு நாளும் வீண்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். வீணே இல்லை. நான் பாளையங்கோட்டைக்காரன். வருடம் தவறாமல் சாரலுக்குப் போகிறவன். தென்காசியின் பெரிய செல்வம் அருவி அல்ல, காற்று என்பதே என் எண்ணம்.

மேற்குத் தொடர்ச்சி மலை நமக்கு மேற்கே மதில்போல நிற்கிறது. அந்த மதில் செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுப் பக்கம் தாழ்ந்து வழிவிடுகிறது. கேரளத்துத் தென்மேற்குப் பருவக்காற்று அந்தக் கணவாய் வழியாகத்தான் இந்தப் பக்கம் பாய்கிறது. ஜூன், ஜூலையில் திருநெல்வேலியில் வெயில் மண்டையைப் பிளக்கும்போது, ஐம்பது சொச்சம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தென்காசியில் சாரல் அடிப்பது இதனால்தான். சுரண்டைப் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்கும் இதுவே காரணம்.

ஒரு ஜூலையில் ஆச்சியைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போனோம். தலை நிறைய நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு வந்திருந்தார். பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவையும் தாண்டி விழுந்துகொண்டிருந்தது, யாரையும் விடவில்லை. இரண்டு மணி நேரம் காத்திருந்துவிட்டு, விடுதியில் வெந்நீரில் தலையை அலசிக்கொண்டு, தென்காசி காசி விசுவநாதர் கோயிலுக்குப் போனோம். கோபுர வாசலில் கால் வைத்ததும் உள்ளேயிருந்து எதிர்க்காற்று வந்து அடித்தது. ஆச்சி முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். ஈரத் தலைமுடி அவிழ்ந்து பறந்தது. “அருவியில் நின்ற மாதிரியே இருக்கிறது, ஐயா” என்றார். கால் மணி நேரம் அவரை அங்கிருந்து நகர்த்த முடியவில்லை. நீங்களும் அந்த வாசலில் அவசரப்படாமல் நில்லுங்கள்.

அந்தக் கோயிலை எழுப்பியவர் 15ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் அரிகேசரி பராக்கிரமன். இந்தக் கோயிலுக்குப் பின்னாளில் ஏதேனும் குறை வந்தால், அதைச் சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும் அவரை உலகறியப் பணிகிறேன் என்று பாட்டாகவே கல்லில் வெட்டிவைத்திருக்கிறார். ஓர் அரசன், இன்னும் பிறக்காத யாரோ ஒருவரை வணங்குகிறான்! அதை நினைத்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும். கோபுரம் பிறகு சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்றது. 1990இல்தான் ஒன்பது நிலைகளோடு, ஏறக்குறைய 180 அடி உயரத்துக்கு மறுபடி எழுந்தது. கட்டியவர்களுக்கெல்லாம் அந்த வணக்கம் முன்கூட்டியே போய்ச் சேர்ந்துவிட்டது.

இரண்டாம் நாளைக் கணவாய்க்குக் கொடுங்கள். செங்கோட்டை முன்பு திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்த ஊர்; திருவிதாங்கூர் அரசின் சங்கு முத்திரை பதித்த நுழைவு வளைவு இன்றும் நிற்கிறது. அங்கிருந்து புனலூர் போகும் ரயிலில் ஏறுங்கள். 1904இல் மலையைக் குடைந்து போட்ட மீட்டர் கேஜ் பாதை, 2018இல் அகலப்பாதையாக முழுமையானது. குகைகளுக்குள் நுழைந்து வெளியே வந்தால், கழுதுருட்டி அருகே பதின்மூன்று கண் பாலம். நம் பக்கத்து வயல்வெளி மறைந்து ரப்பர் மரங்கள் தொடங்குவதைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். திரும்பும்போது பிரானூரில் பார்டர் பரோட்டாவும் நாட்டுக்கோழியும்.

திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்கும் ரயிலிலேயே வாருங்கள், இடதுபக்க ஜன்னலோரம். அம்பாசமுத்திரம் தாண்டியதிலிருந்து மலை கூடவே வரும். பாவூர்சத்திரம் வந்ததும் காற்றின் குளிர்ச்சி மாறுவது முகத்தில் தெரியும்.

அருவியைப் பற்றி ஒன்றே ஒன்று, கெஞ்சிக் கேட்கிறேன். விசில் ஊதினால் உடனே வெளியே வந்துவிடுங்கள். வெயில் அடிக்கிறதே என்று தயங்காதீர்கள். மழை பெய்வது மலைக்கு மேலே, உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் பதினேழு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோய்விட்டது. பேரருவியில் தடை என்றால் ஐந்தருவிக்கு ஓட வேண்டாம்; பெரும்பாலும் அங்கேயும் அதே நிலைதான். அந்த நேரத்தில் குற்றாலத்திலேயே இருக்கும் நடராசர் சபையான சித்திர சபைக்குப் போய், சுவர் முழுக்க எழுதியிருக்கும் ஓவியங்களைப் பாருங்கள். கடைத்தெருவில் மங்குஸ்தான் வந்திருக்கும். ஓட்டின் அடியில் பூ இதழ் போலத் தெரியும் மடல்களை எண்ணிப் பார்த்து வாங்குங்கள், உள்ளே அத்தனை சுளை இருக்கும். குடையை நம்பி வராதீர்கள். கோயில் வாசல் காற்று அதை மடக்கிவிடும். ஆளுக்கு ஒரு துண்டு கூடுதலாக எடுத்து வாருங்கள்.