பிளாஸ்மாவுக்குள் ரேடியோ அலையை அளப்பவர்களுக்கு என்ன வேலை?

அணுக்கரு இணைவுக்காகப் பிளாஸ்மாவை, அதாவது அயன்களும் இலத்திரன்களுமாகப் பிரிந்த வாயுவை, ரேடியோ அலைகளால் சூடாக்கும் ஆய்வு இப்போது முழுவதும் கணினியில்தானே நடக்கிறது, செய்முறைக்கு அதில் என்ன இடம் என்று கேட்டிருக்கிறீர்கள். அக்கரைப்பற்றில் உயர்தரம் முடித்து, பௌதிகவியலில் மேற்படிப்பை எண்ணியிருப்பவர் என்று எடுத்துக்கொள்கிறேன், தம்பி. என் கலாநிதிப் பட்ட ஆய்வே அந்தச் செய்முறைதான் என்பதால், பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

காந்தப் புலத்தில் அயன் சுழலும் மீடிறன் அதன் வேகத்தில் தங்கியிருப்பதில்லை என்று படித்திருப்பீர்கள். பிரான்சில் அமைக்கப்பட்டுவரும் இற்றர் (ITER) என்ற இணைவு உலையில் மையப் புலம் 5.3 தெஸ்லா, அங்கே தூத்தேரிய அயனுக்கு அது ஏறத்தாழ 40 மெகாஹேர்ட்ஸ். அதே மீடிறனில் அலையை அனுப்பினால் போதும் என்று தோன்றும். ஆனால் ஒரே வகை அயன் மட்டும் இருக்கும் பிளாஸ்மாவில், பரிவு நிகழும் இடத்தில், அதாவது இரு மீடிறன்களும் ஒன்றாகும் இடத்தில், அலையின் மின்புலம் அயனுக்கு எதிர்த்திசையில் சுழல்வதால், சூடாக்கல் மிகவும் குறைவு. அதனால்தான் வேறோர் அயனைச் சிறிதளவு கலந்து, அதன் மீடிறனில் சூடாக்குகிறார்கள்.

உலையின் நடுவே எந்தக் கம்பியையும் நுழைக்க முடியாது, உருகிவிடும். ஆகவே லாஸ் ஏஞ்சலஸில் உள்ள ஏறத்தாழ 20 மீற்றர் நீளமான கருவியைப் போன்ற, வெப்பநிலை குறைந்த பிளாஸ்மாக்களில் அலையை ஏவி, சிறு கம்பிச் சுருளொன்றைப் புள்ளி புள்ளியாக நகர்த்தி அளக்கிறோம். நான் பணியாற்றிய ஆய்வுகூடத்தில் ஒருமுறை, கணினி மாதிரியோடு அழகாகப் பொருந்திய ஒரு சமிக்ஞை கிடைத்தது, எல்லோரும் மகிழ்ந்தார்கள். சுருளை 180 பாகை திருப்பி மீண்டும் அளக்க வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். சமிக்ஞை, அலையின் மாறும் காந்தப் புலத்தால் சுருளில் தூண்டப்பட்ட மின்னழுத்தமாயின், திருப்பியதும் அதன் குறி மாற வேண்டும். பெரும்பகுதி மாறவில்லை. நாங்கள் பார்த்தது அலையையே அல்ல, பிளாஸ்மாவின் மின்னழுத்தம் கொள்ளளவத்தின் வழியாகச் சுருளுக்குள் கசிந்ததை. மாதிரி அதை ஒருபோதும் சொல்லியிருக்காது. கோட்பாட்டாளரை நான் தாழ்த்துவதாக யாரும் கொள்ள வேண்டாம். எதை அளக்க வேண்டும் என்பதை அவர்களிடமிருந்தே கற்றேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கல்லடியில் இப்போது என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளுள் பலர், செய்முறைப் பரிசோதனைகளைக் குறிப்புப் புத்தகத்திலிருந்து மனனம் செய்தே பரீட்சைக்குப் போகிறார்கள். அலைவுகாட்டி அலுமாரிக்குள் பூட்டியிருக்கிறது. மாறும் காந்தப் புலம் சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டும் என்ற பரடேயின் விதியை வரிபிசகாமல் ஒப்புவிக்கும் பிள்ளைக்கு, ஒரு சுருளைத் தன் கையால் சுற்றித் திருப்பிப் பார்க்கும் வாய்ப்பு ஏன் மறுக்கப்படுகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.