மூட்டுவலி: ஒத்தடம் முதல் ஊசி வரை, கேள்வி பதில்

நான் பல வருடம் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்தவள். மருத்துவர் அல்ல. எனவே 'இதுதான் உங்கள் நோய்' என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன். எந்த மருந்து என்ன செய்யும், எதை எதோடு சேர்க்கக் கூடாது, வீட்டு வைத்தியத்தில் எதை நம்பலாம் என்று சொல்லத் தெரியும். கேளுங்கள்.

கேள்வி: அக்கா, அம்மாவுக்கு 62 வயது. இரண்டு முழங்காலிலும் வலி. காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரம் காலை மடக்கவே முடியவில்லை. ஒருவர் தேய்மானம் என்கிறார், ஒருவர் வாதம் என்கிறார். என்ன மாத்திரை வாங்கிக் கொடுக்கலாம்?

மாத்திரை இருக்கட்டும். அந்த 'கொஞ்ச நேரம்' எவ்வளவு நேரம் என்று முதலில் பாருங்கள். எழுந்து நாலு அடி நடந்தால் அரை மணி நேரத்துக்குள் இறுக்கம் விட்டுப்போகிறது, நடந்தால் வலி, உட்கார்ந்தால் சுகம் என்றால் பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம். ஒரு மணி நேரம் ஆகியும் விரல் மடங்கவில்லை, இரண்டு கையிலும் மணிக்கட்டும் விரல் கணுக்களும் ஒரே மாதிரி வீங்கியிருக்கின்றன, அதோடு அசதியும் சேர்ந்திருக்கிறது என்றால் முடக்குவாதமாக இருக்கலாம். சரவாங்கி என்பார்களே, அதேதான். நேற்று வரை நன்றாக இருந்த கால் கட்டைவிரல் ராத்திரியோடு ராத்திரியாகச் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிறது என்றால் யூரிக் அமிலம், அதாவது கவுட்.

மூன்றுக்கும் மருந்து வேறு. முடக்குவாதத்தில் உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்குகிறது. அதை வெறும் வலி மாத்திரையால் மூடி வைத்தால் வலி குறைந்ததுபோல் இருக்கும், உள்ளே எலும்பு அரித்துக்கொண்டே போகும். ஆரம்ப மாதங்களிலேயே சரியான மருந்தைத் தொடங்கினால் அந்தச் சேதத்தைப் பெரும்பாலும் தடுக்கலாம். அம்மாவுக்கு முதல் வகை என்று மருத்துவர் உறுதி செய்தால் ஜெல்லும் பயிற்சியும் போதும், மாத்திரை அப்புறம் பார்க்கலாம்.

கேள்வி: ஜெல் தடவினால் தோலோடு நின்றுவிடாதா? மூட்டுக்குள் போகுமா?

போகும். டைக்ளோஃபினாக் ஜெல் முழங்கால், கை விரல் மூட்டுகளுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. இந்த மூட்டுகள் தோலுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. இடுப்பு மூட்டு ஆழத்தில் இருக்கிறது, அங்கே தடவிப் பயனில்லை. மாத்திரையாக விழுங்கும்போது ரத்தத்தில் சேர்வதில் பத்தில் ஒரு பங்குகூட ஜெல் மூலம் சேர்வதில்லை. வயிறும் சிறுநீரகமும் தப்பிப்பது அதனால்தான்.

பலருக்கு ஜெல் கேட்காமல் போவதற்குக் காரணம் அளவு. பட்டாணி அளவு எடுத்துத் தடவிவிட்டு 'ஒன்றுமே தெரியவில்லை' என்பார்கள். 1% ஜெல் என்றால் ஒரு முழங்காலுக்கு ஒரு வேளைக்கு 4 கிராம், ஒரு நாளைக்கு நான்கு வேளை. கைக்கு 2 கிராம். 4 கிராம் ஜெல்லைப் பிதுக்கி நீட்டினால் ஒரு விரல் நீளத்தைத் தாண்டும். அரக்கித் தேய்க்க வேண்டாம், பூசினால் போதும். தடவிய இடத்தில் ஒரு மணி நேரம் தண்ணீர் படக் கூடாது, அதன்மேல் சூடான ஒத்தடமும் கூடாது. ஒன்றிரண்டு வாரம் விடாமல் தடவிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி: பாராசிட்டமால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம், பாதகமில்லை என்கிறார்களே?

இல்லை. ஆரோக்கியமான பெரியவருக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம்தான் உச்சம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. வயதானவர்கள், மெலிந்தவர்கள், மது பழக்கம் உள்ளவர்கள் 3 கிராமைத் தாண்டாமல் இருப்பது நல்லது. தாண்டினால் அடி வாங்குவது கல்லீரல்.

யாரும் வேண்டுமென்றே எட்டு மாத்திரையைத் தாண்டுவதில்லை. மூட்டுவலிக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, உடம்புவலிக்கு ஒன்று என்று மூன்று வேறு பெயரில் வாங்குவார்கள். மூன்றிலும் பாராசிட்டமால் இருக்கும். சிலவற்றில் அதோடு டைக்ளோஃபினாக்கோ ஐபுப்ரோஃபெனோ சேர்ந்தே வரும். அட்டையின் முன்பக்கப் பெரிய எழுத்தை விட்டுவிட்டு, பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். கண் தெரியாவிட்டால் கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். இன்னொன்று: முழங்கால் தேய்மானத்துக்குப் பாராசிட்டமால் தரும் பலன் ரொம்பக் கொஞ்சம். ஒரு வாரம் சாப்பிட்டும் மாற்றமில்லை என்றால் அளவைக் கூட்டாதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 70 வயது. பிரஷர் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, இதயத்துக்கு ஆஸ்பிரின் எல்லாம் சாப்பிடுகிறார். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த ஐபுப்ரோஃபென் நன்றாகக் கேட்கிறது என்று மாதக்கணக்காகத் தினமும் போடுகிறார். கூடவே கேஸ் மாத்திரையும் போடுவதால் பயமில்லை என்கிறார்.

பயம் இருக்கிறது. ஐயாவிடம் இதைப் படித்தே காட்டுங்கள்.

கேஸ் மாத்திரை வயிற்றுப்புண்ணைத்தான் தடுக்கும். சிறுநீரகத்தையோ இதயத்தையோ அது காப்பாற்றாது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், நேப்ராக்ஸன் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும், உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும், பிரஷரை ஏற்றும். சில பிரஷர் மாத்திரைகளும் நீர் பிரியும் மாத்திரையும் ஏற்கெனவே சிறுநீரகத்தின் அழுத்தத்தைக் குறைத்து வைத்திருக்கும்போது மூன்றாவதாக இதுவும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கலாம். ஒரு நாள் வாந்தி பேதி வந்து உடம்பில் தண்ணீர் வற்றினாலே அதற்குப் போதும். போதாததற்கு, தினமும் சாப்பிடும் ஐபுப்ரோஃபென் ஆஸ்பிரினை வேலை செய்ய விடாமல் தடுக்கும். ரத்தம் கசியும் ஆபத்து வேறு கூடும்.

ஐபுப்ரோஃபெனை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். மற்ற மூன்றையும் நிறுத்த வேண்டாம். இந்த வாரமே கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை, பார்த்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். மலம் கறுப்பாக, தார்போலப் போனால் வாரம் வரை காத்திருக்காதீர்கள், உடனே அழைத்துப் போங்கள்.

கேள்வி: சுடுநீர் ஒத்தடமா, ஐஸ் ஒத்தடமா?

இறுக்கத்துக்குச் சூடு, வீக்கத்துக்குக் குளிர்ச்சி. காலை விறைப்புக்கும் நாள்பட்ட வலிக்கும் 15, 20 நிமிடம் இளஞ்சூடு. சிவந்து, தொட்டால் கொதிக்கும் மூட்டுக்குத் துணி சுற்றிய ஐஸ், 10 முதல் 15 நிமிடம். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் வேறு யாரையாவது சூடு பார்க்கச் சொல்லுங்கள். கொப்புளம் வந்த பிறகுதான் அவர்களுக்கே தெரியும்.

கேள்வி: மேடம், மஞ்சள், இஞ்சி பற்றிச் சொல்லுங்கள். ஆங்கில மருந்தே வேண்டாம் என்று பார்க்கிறேன்.

சமையலில் சேர்ப்பதை யாரும் தடுக்கவில்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் முழங்கால் வலியைக் கொஞ்சம் குறைப்பதாகச் சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் மஞ்சள்தூளில் குர்குமின் சில சதவீதம்தான், அதுவும் குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. அதற்காக மிளகுச் சத்து சேர்த்து வீரியமாக்கிய மாத்திரைகள் வந்தன. அவற்றைச் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் அந்த மாத்திரைகளைத் தொடவே வேண்டாம். இஞ்சிக்கும் பலன் உண்டு, சிறிதளவு.

வீட்டுப் பொருள் என்று பார்த்தால் எனக்குப் பிடித்தது மிளகாய்தான்! சாப்பிட அல்ல. அதன் காரத்துக்குக் காரணமான கேப்சைசின், களிம்பாகக் கடையில் கிடைக்கிறது. வலியை மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளை அது மெல்ல மரத்துப்போகச் செய்யும். முதல் சில நாள் எரியும், அந்த எரிச்சலில்தான் பாதிப் பேர் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். தினமும் மூன்று நான்கு வேளை, இரண்டு வாரமாவது தடவினால்தான் பலன் தெரியும். தடவிய கையோடு கண்ணைத் தொட்டுவிடாதீர்கள். வீட்டில் மிளகாயை அரைத்துப் பூசும் விஷப்பரீட்சையும் வேண்டாம், தோல் வெந்துவிடும்.

கேள்வி: குளுக்கோசமைன் சாப்பிட்டால் குருத்தெலும்பு வளருமா?

வளராது. 2006-இல் வெளியான, 1,583 பேர் பங்கேற்ற பெரிய அமெரிக்க ஆய்வில் மொத்தமாகப் பார்த்தால் அது வெற்று மாத்திரையைவிடக் குறிப்பிடும்படி மேலாக இல்லை. பலன் இருப்பதாக உங்களுக்குத் தோன்றினால் மூன்று மாதம் பாருங்கள், அதற்குமேல் காசைக் கரைக்காதீர்கள். பல குளுக்கோசமைன் மாத்திரைகள் இறால், நண்டு ஓட்டிலிருந்து செய்தவை. அந்த ஒவ்வாமை உள்ளவர்கள் அட்டையைப் பார்க்கவும்.

கேள்வி: எனக்கு முடக்குவாதம். மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு நாள் மட்டும் எழுதியிருக்கிறார். மூன்று வாரமாகியும் வலி குறையவில்லை. தினமும் சாப்பிட்டால் சீக்கிரம் கேட்குமா?

வேண்டவே வேண்டாம். மருந்தகத்தில் நான் எடுத்துக் கொடுத்த மருந்துகளில் இரண்டு தடவை சரிபார்க்காமல் விடாதது இதுதான். வாரத்துக்கு ஒரு முறை சாப்பிட வேண்டியதைத் தினமும் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் உலகம் முழுக்க உண்டு. எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உருவாக்குவதையே அது நிறுத்திவிடும்.

ஒரு கிழமையைத் தேர்ந்தெடுங்கள். அந்தக் கிழமையின் பெயரை மாத்திரைப் பெட்டிமேல் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். 2.5, 10 மில்லிகிராம் இரண்டிலும் மாத்திரை வருகிறது. ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் போன தடவை வாங்கிய அதே அளவுதானா என்று பாருங்கள். கூடவே எழுதிக் கொடுத்திருக்கும் ஃபோலிக் அமிலம் வாய்ப்புண், குமட்டலைக் குறைக்க, அதைத் தவிர்க்காதீர்கள். ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளைச் சொன்ன தேதியில் செய்யுங்கள். மது கூடாது. குழந்தைக்குத் திட்டமிட்டால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், கருவைப் பாதிக்கும் மருந்து இது. சிறுநீர்த் தொற்றுக்கு வேறொரு மருத்துவர் டிரைமெத்தோபிரிம் உள்ள மாத்திரை எழுதினால் 'நான் மெத்தோட்ரெக்சேட் எடுக்கிறேன்' என்று அங்கேயே சொல்லுங்கள். இரண்டும் சேரக் கூடாது.

மூன்று வாரம் போதாது. பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை வலியைத் தாங்க வேறு மருந்து தருவார்கள், கேளுங்கள். தொண்டைப்புண்ணோடு காய்ச்சல் வந்தால் அந்த வார மாத்திரையை எடுக்கும் முன் மருத்துவருக்குத் தெரிவியுங்கள்.

கேள்வி: சார், ஒருவர் பொட்டலத்தில் மூலிகைச் சூரணம் தருகிறார். மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது. பெயர், லேபிள் எதுவும் இல்லை. தொடரலாமா?

சார் இல்லை, மேடம். பரவாயில்லை.

மூன்று நாளில் வலி பறந்தது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. எந்த மூலிகையும் அத்தனை வேகத்தில் கேட்பதில்லை. வீக்கத்தையும் வலியையும் சட்டென்று அடக்கும் வீரியமான மருந்தான ஸ்டிராய்டு கேட்கும். லேபிள் இல்லாத சூரணங்களில் ஸ்டிராய்டும் டைக்ளோஃபினாக்கும் கலந்திருப்பதைப் பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகள் கண்டுபிடித்திருக்கின்றன. முகம் உப்புகிறதா, பசி எக்கச்சக்கமாக எடுக்கிறதா, சர்க்கரையும் பிரஷரும் ஏறியிருக்கின்றனவா, லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போகிறதா என்று பாருங்கள். சில நாள் மட்டும் சாப்பிட்டிருந்தால் நிறுத்திவிடலாம். வாரக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்தாதீர்கள். வெளியிலிருந்து ஸ்டிராய்டு வந்துகொண்டிருந்தால் உடல் தானே சுரப்பதைக் குறைத்துவிடும், திடீரென்று நிறுத்தினால் மயங்கி விழும் அளவுக்குப் போகலாம். பொட்டலத்தோடு மருத்துவரைப் பாருங்கள், படிப்படியாகக் குறைத்துக் கொடுப்பார்.

கேள்வி: கவுட்டுக்கு அல்லோபியூரினால் சாப்பிடுகிறேன். மறுபடியும் கட்டைவிரல் வீங்கிவிட்டது. மருந்து கேட்கவில்லை என்று நிறுத்திவிட்டேன். சரிதானே?

நிறுத்தக் கூடாது. யூரிக் அமிலம் குறையத் தொடங்கும்போது மூட்டில் படிந்திருக்கும் அதன் பழைய படிகங்கள் கரைந்து கிளம்பும், முதல் சில மாதம் வலி வருவது அதனால்தான். இப்போதைய வீக்கத்துக்குக் கோல்சிசின் போன்ற வேறு மருந்து தனியாக உண்டு. நிறுத்திய அல்லோபியூரினாலை எப்படி, எந்த அளவில் மீண்டும் தொடங்குவது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஒரு விதிவிலக்கு: சாப்பிட ஆரம்பித்த பிறகு உடம்பில் தடிப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கோல்சிசின் பற்றி ஒன்று. செங்காந்தள் கிழங்கிலும் இதே பொருள்தான் இருக்கிறது. 'அப்படியென்றால் கிழங்கையே அரைத்துச் சாப்பிடலாமே' என்று கேட்டவர் உண்டு. மருந்து அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்று வீட்டில் யாராலும் அளக்க முடியாது.

கேள்வி: தேய்ந்த மூட்டை வைத்துக்கொண்டு நடந்தால் இன்னும் தேயாதா?

நடக்காமல் இருந்தால்தான் மோசமாகும். முழங்காலின் பாரத்தைத் தொடைத் தசை வாங்கிக்கொள்கிறது. அது மெலிந்தால் பாரம் முழுக்க மூட்டில் இறங்கும். மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி, மற்ற காலை நேராக ஒரு சாண் உயர்த்தி ஐந்து எண்ணும் வரை நிறுத்தி இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை. செய்த பிறகு லேசாக வலிக்கலாம், மறுநாள் வரை வலி நீடித்தால் எண்ணிக்கையைக் குறைக்கவும். ஒரு கிலோ எடை குறைத்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் நாலு கிலோ பாரம் குறைகிறது. இதற்கு ஈடான மாத்திரை என் அலமாரியில் இருந்ததில்லை.

கேள்வி: விரலில் சொடக்கு எடுத்தால் மூட்டுவலி வருமா? பாட்டி திட்டுகிறார்.

வராது. டொனால்ட் அங்கர் என்ற மருத்துவர் 60 வருடத்துக்கு மேல் இடது கையில் மட்டும் சொடக்கு எடுத்துப் பார்த்தார். இரண்டு கைக்கும் வித்தியாசமே இல்லை. 2009-இல் அதற்கு இக் நோபல் என்ற வேடிக்கைப் பரிசும் வாங்கினார். பாட்டிக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை என்றால் அதற்கு மருந்து கிடையாது.

கேள்வி: முழங்காலில் ஸ்டிராய்டு ஊசி போட்டுக்கொள்ளலாமா?

வீக்கத்தோடு கடும் வலி இருக்கும்போது உதவும், சில வாரங்களுக்கு. ஒரே மூட்டில் வருடத்துக்கு மூன்று நான்குக்கு மேல் போடுவதில்லை, அடிக்கடி போட்டால் குருத்தெலும்பு கெடும். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பிறகு சில நாள் அளவு எகிறும். ஊசி போட்டிருந்தாலும் போடாவிட்டாலும், ஒற்றை மூட்டு திடீரென்று வீங்கிக் கொதித்து, காய்ச்சலும் குளிரும் சேர்ந்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். விடியட்டும் என்று இருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

கேள்வி: வலது முழங்கால் வலிக்கு வலது கையில் ஊன்றுகோல் பிடிக்கிறேன். தோள்பட்டையும் வலிக்கத் தொடங்கிவிட்டது.

இடது கைக்கு மாற்றுங்கள் ஐயா. வலிக்கும் காலும் கோலும் ஒன்றாக முன்னே போக வேண்டும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் கோலின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக இருக்க வேண்டும். அதைவிட உயரமாக இருந்தால் தோள் தூக்கிக்கொள்ளும், உங்கள் தோள்வலிக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்திருந்தால் கையோடு அதையும் மாற்றிவிடுங்கள்.